முதலில் பாரத்தை இறக்குங்கள்

'பாசிட்டிவா இருங்க' என்று ஊரே உபதேசம் செய்கிறது. எப்படி இருப்பது? செஞ்சிக்குப் பக்கத்துச் சிங்கவரத்தில் தொடங்கி ஒரு தேடல்.

"கேமரா ரெடியா மச்சான்?"

செஞ்சிக் கோட்டை, ராஜகிரி உச்சி. காலை வெயில் அதற்குள் பாறையைச் சூடாக்கிவிட்டது. ஏறி வந்த இளைஞர் மூச்சு அடங்கும்வரை காத்திருக்கிறார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு செல்போனைப் பார்த்துச் சிரிக்கிறார். "நண்பர்களே, மனசு வெச்சா மலையும் மண்மேடுதான்!" இரண்டாவது டேக். மூன்றாவது டேக். நான்காவதில் ஒரு குரங்கு வந்து, அவர் காலடியில் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு மதில்மேல் உட்கார்ந்து மூடியைக் கடிக்கிறது. கூட வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அவரும் வசனத்தை மறந்துவிட்டுச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு ரீல்ஸில் வராது, வெட்டிவிடுவார்கள். 'மனசு வெச்சா' மட்டும் வரும்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, 'மராத்திய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிராவில் இருக்கின்றன. தமிழ்நாட்டுக்கு ஒன்றே ஒன்று, அது செஞ்சி. வருகிறவர்கள் கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நான்கைந்து கிலோமீட்டர் வடக்கே சிங்கவரம் என்ற சின்ன ஊர் இருக்கிறது. அங்கே ஒரு பாறையில் பெருமாள் படுத்திருக்கிறார். பக்கத்துக் குன்றில் இன்னொரு பாறையில் 24 தீர்த்தங்கரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்று புத்தகக் கண்காட்சியிலும் யூடியூபிலும் கார்ப்பரேட் பயிலரங்குகளிலும் சூடாக விற்கும் ஒரு கேள்விக்கு இந்த இரண்டு பாறைகளும் இரண்டு கதைகள் வைத்திருக்கின்றன. தினசரி வாழ்க்கையைக் கொஞ்சம் சந்தோஷமாக, கொஞ்சம் மேலாக ஆக்கிக்கொள்வது எப்படி என்பதே அந்தக் கேள்வி.

நம்பிக்கை வியாபாரம் புதிதல்ல

தன்முன்னேற்றம் என்பது தமிழனுக்கு நேற்று வந்த சரக்கு இல்லை. 1940-களின் இறுதியிலேயே எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் 'வாழ்க்கையில் வெற்றி' எழுதினார். ஒரு தலைமுறை அவர் புத்தகங்களை அடிக்கோடு போட்டுப் படித்தது. கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி 1958-இல் உலக சமுதாய சேவா சங்கம் தொடங்கி, தியானத்தைக் குடும்பஸ்தனின் கைக்கு எட்டச் செய்தார். அமெரிக்காவிலிருந்து திரும்பிய எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்', எண்பதுகளில் வேலை தேடிக்கொண்டிருந்த எத்தனையோ பட்டதாரிகளின் தலைமாட்டில் இருந்தது.

இன்று அந்த இடத்தில் அறுபது வினாடி வீடியோக்கள். காலை நாலரைக்கு எழு, பச்சைத் தண்ணீரில் குளி, கண்ணாடி முன் நின்று 'நான் வெற்றியாளன்' என்று சொல், பிரபஞ்சத்திடம் கேள், கிடைக்கும். அப்துற் றஹீமைப் படிக்க ஒரு வாரம் ஆகும். அதற்குள் யோசிக்கவும் நேரம் இருக்கும். வீடியோவில் யோசிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது.

இதனால் நாம் சந்தோஷமாகிவிட்டோமா? 2025-ஆம் ஆண்டு உலக மகிழ்ச்சி அறிக்கையில் 147 நாடுகளில் இந்தியாவுக்கு 118-ஆவது இடம். அந்தப் பட்டியலின் அளவுகோலில் குறை சொல்ல இடமுண்டு, விட்டுவிடுவோம். விட முடியாத கணக்கு ஒன்று இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2022-இல் தமிழ்நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 19,834 பேர். மகாராஷ்டிராவுக்கு அடுத்து நாட்டிலேயே இரண்டாம் இடம். 'பாசிட்டிவ்' பேச்சு இத்தனை பெருகிய மாநிலத்தில் இந்த எண்ணும் இருக்கிறது என்றால், சொல்லப்படும் வைத்தியத்தைக் கொஞ்சம் சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

பெருமாள் முகம் திருப்பிய கதை

சிங்கவரம் ரங்கநாதர் கோயில் பல்லவர் காலக் குடைவரை. ஒரே பாறையில் குடைந்தெடுத்த பெருமாள், ஏறத்தாழ 24 அடி நீளம். தீபாராதனை வெளிச்சம் திருவடியிலிருந்து திருமுகம்வரை நகரும்போதுதான் அந்த நீளம் கண்ணுக்குப் பிடிபடும். முகத்தைப் பார்த்தால் சற்றே ஒருபுறம் சாய்ந்ததுபோல இருக்கும். அந்தச் சாய்வுக்கு ஊரில் ஒரு கதை உண்டு.

செஞ்சியை ஆண்ட ராஜா தேசிங்குக்கு இவர்தான் குலதெய்வம் மாதிரி. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கப்பப் பாக்கி கேட்டுப் படையோடு வருகிறார். தேசிங்கு பெருமாளிடம் உத்தரவு கேட்கிறான். இன்றைக்குப் போகாதே என்று பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். தேசிங்கு கேட்கவில்லை. கல்யாணப் பந்தலிலிருந்து வந்து சேர்ந்த நண்பன் மோவுத்துக்காரனோடும் சில நூறு குதிரை வீரர்களோடும் நவாபின் பெரும்படைமேல் பாய்கிறான். 1714 அக்டோபரில் அந்தப் போரில் மாண்டபோது தேசிங்குக்கு 22 வயதுதான் என்கிறார்கள்.

வீரத்துக்காக அவனைத் தெருக்கூத்தும் கதைப்பாடலும் இன்றுவரை கொண்டாடுகின்றன, கொண்டாட வேண்டியதுதான். ஆனால் சிங்கவரத்துக்காரர்கள் கதைக்குள் அந்த முகம் திருப்பலைச் சேர்த்துவைத்ததில் ஒரு விவரம் இருக்கிறது. நெஞ்சில் துணிச்சல் இருந்தால் மட்டும் போதுமா, எதிரே இருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டாமா என்று ஊர் கேட்கிறது.

உளவியலாளர் காப்ரியேல் ஓட்டிங்கன் இதே கேள்வியை ஆய்வுக்கூடத்தில் கேட்டவர். 1991-இல் வெளியான அவரது ஆய்வு, உடல் எடையைக் குறைக்கும் திட்டத்தில் சேர்ந்த 25 பெண்களைப் பற்றியது. 'என்னால் முடியும்' என்று நிதானமாக எதிர்பார்த்தவர்கள் எடை குறைத்தார்கள். ஒல்லியாகி எல்லோரும் திரும்பிப் பார்ப்பதாக இனிக்க இனிக்கக் கற்பனை செய்தவர்கள் பின்தங்கினார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் அதிகம் கனவு கண்டவர்களுக்கும் குறைவாகக் கனவு கண்டவர்களுக்கும் இடையே ஏறத்தாழ 11 கிலோ வித்தியாசம்! கிடைத்துவிட்டதாகவே மனசு அனுபவித்துவிட்டால், உடம்பு எழுந்து வேலை பார்ப்பானேன்?

அவர் காட்டும் வழி நாலே படி. என்ன ஆசை? நிறைவேறினால் என்ன பலன்? உள்ளுக்குள் எது தடை? தடை வரும்போது என்ன செய்வேன்? மூன்றாவது கேள்விதான் ரீல்ஸில் வராத கேள்வி. தேசிங்கு கேட்க மறுத்ததும் அதைத்தான்.

கண்ணாடி முன் நின்று சொல்லும் மந்திரத்தின் கதை இன்னும் சங்கடமானது. 2009-இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் வுட் குழு, 'நான் அன்புக்கு உரியவன்' என்ற ரீதியில் ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தது. ஏற்கெனவே தன்மேல் நல்ல மதிப்பு வைத்திருந்தவர்களுக்குச் சின்ன உற்சாகம் வந்தது. தன்னைத் தாழ்வாக நினைத்தவர்களோ, சொல்லாதவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். வாய் ஒன்று சொல்ல, 'நீயா?' என்று உள்மனசு திருப்பிக் கேட்டிருக்கிறது. மருந்து யாருக்குத் தேவையோ அவர்களுக்கே அது ஒத்துக்கொள்ளவில்லை.

பெட்டிச் செய்தி: சிங்கவரத்தில் என்ன பார்க்கலாம்?

• ரங்கநாதர் கோயில்: பல்லவர் காலக் குடைவரை. ஒரே பாறையில் பள்ளிகொண்ட பெருமாள்.

• திருநாதர்குன்று: பெரிய பாறை ஒன்றின் முகப்பில் 24 தீர்த்தங்கரர்கள், வரிசைக்குப் பன்னிரண்டாக இரண்டு வரிசை.

• அதே குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்நீத்ததைச் சொல்லும் கல்வெட்டு. சுமார் 6-ஆம் நூற்றாண்டு. பழைய தமிழி எழுத்து வட்டெழுத்தாக மாறும் பருவத்தது என்பதால் எழுத்தியல் ஆய்வாளர்களுக்குப் பொக்கிஷம்.

• இளையபட்டாரர் என்ற துறவி 30 நாள் நோன்பிருந்ததைச் சொல்லும் பிற்காலக் கல்வெட்டும் உண்டு.

• தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் இதே விழுப்புரம் மாவட்டத்து மேல்சித்தாமூரில் இருக்கிறது.

கரும்புக் காட்டில் ஒரு பரிசோதனை

மனசை மாற்றினால் வாழ்க்கை மாறும் என்பது தன்முன்னேற்றப் பேச்சின் முதல் பாடம். வாழ்க்கை மாறினால் மனசு மாறுமா என்று யாராவது சோதித்தார்களா? சோதித்தார்கள். அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் நம்ம பக்கம்தான், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 கிராமங்கள்.

2013-இல் 'சயின்ஸ்' இதழில் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வரும் எழுதிய கட்டுரை அது. 464 கரும்பு விவசாயிகளை வெட்டுக்கு முன்னும் வெட்டு முடிந்து பணம் வந்த பின்னும் பார்த்தார்கள். ஒரே ஆள், ஒரே ஊர், ஒரே வீடு. கையில் காசு மட்டும்தான் வித்தியாசம்.

வெட்டுக்கு முன்னால் நூற்றுக்கு 78 பேர் நகையோ பாத்திரமோ ஏதாவது ஒன்றை அடகு வைத்திருந்தார்கள். வெட்டுக்குப் பின் 4 பேர். கடன் இருந்தவர்கள் முன்னால் 99, பின்னால் 13. இப்போது அவர்களிடம் படங்களின் வரிசையில் விட்டுப்போனதைக் கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். கவனத்தை அளக்கும் சோதனையும் வைத்தார்கள். பணம் வந்த பிறகு அதே மனிதர்கள் கூடுதலாகச் சரியான விடை சொன்னார்கள், வேகமாகவும் சொன்னார்கள்.

இதற்கு என்ன அர்த்தம்? அடகுக்கடை ரசீது மடித்து மேல்சட்டைப் பையில் இருக்கும்போது, மனசின் ஒரு பகுதி நாள் முழுக்க அந்த ரசீதைப் படித்துக்கொண்டே இருக்கிறது. மீட்க வேண்டிய தேதி, ஏறும் வட்டி, யாரிடம் கேட்கலாம், என்ன சொல்லிக் கேட்கலாம். மிச்சம் இருக்கும் இடத்தில்தான் பிள்ளையின் படிப்பு, பொண்டாட்டியிடம் நாலு நல்ல வார்த்தை, பயிரைப் பற்றிய யோசனை எல்லாம் முண்டியடிக்க வேண்டும். அவரிடம் போய் 'பாசிட்டிவா யோசிங்க' என்றால், யோசிப்பதற்கே இடம் எங்கே இருக்கிறது?

செஞ்சி வட்டாரத்துப் பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக நட்டது. இரண்டு கல்லை நிறுத்தி மேலே ஒரு கல்லைப் படுக்கவைத்திருப்பார்கள், ஆள் உயரத்துக்கு. தலைச்சுமைக்காரர் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை அதில் சாய்த்துவிட்டு மூச்சு வாங்கலாம். சந்தோஷத்தைப் பற்றிய நம் பேச்சில் விட்டுப்போனது அந்தக் கல்தான். எதைச் சேர்த்தால் சந்தோஷம் என்றே கேட்கிறோம். கூடுதல் இலக்கு, கூடுதல் பழக்கம், கூடுதல் ஆப். சுமக்கிறவனுக்குச் சுமை ஏற்றிவிட்டு வேகமாக நட என்கிறோம். எதை இறக்கினால் மூச்சு வரும் என்று கேட்பவர் குறைவு.

அணுவளவு விரதம்

அந்தக் கேள்வியை ஒன்றரை ஆயிரம் வருடத்துக்கு முன்பே கேட்டவர்கள் திருநாதர்குன்றில் இருந்தார்கள்.

சந்திரநந்தியின் 57 நாள் நோன்பைப் பின்பற்றச் சொல்லி இங்கே யாரும் எழுதப்போவதில்லை. அது துறவியின் கடைசி விரதம், சமணத்தில் சல்லேகனை என்பார்கள். 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் அதைத் தற்கொலைக்குச் சமம் என்றது. அதே மாத இறுதியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது. அந்த விவாதம் வேறு.

நமக்கு வேண்டியது அதே மரபின் இன்னொரு பக்கம். துறவிக்கு மகாவிரதம், வீட்டில் இருப்பவனுக்கு அணுவிரதம் என்று சமணம் இரண்டாகப் பிரித்தது. விரதம் ஐந்தும் அதே ஐந்துதான். சம்சாரிக்கு அளவு மட்டும் சின்னது. முழுத் துறவு வேண்டாம், இவ்வளவு போதும் என்று ஒரு வரம்பு கட்டிக்கொள். அந்த வரம்பை உனக்கு நீயே சொல்லிக்கொள். அவ்வளவுதான்.

விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் தமிழ்ச் சமணக் குடும்பங்களில், நயினார் என்று ஊரில் சொல்கிற விவசாயக் குடும்பங்களில், இது அடுப்படியிலேயே தெரியும். தண்ணீரைத் துணியால் வடிகட்டித்தான் குடத்தில் ஊற்றுவார்கள். வெள்ளைத் துணியை இரண்டாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி, நடுவில் கொஞ்சம் குழிவாக விட்டு, மெதுவாகச் சாய்ப்பது. கண்ணுக்குத் தெரியாத உயிர்கூட வயிற்றுக்குள் போய்விடக் கூடாது என்பது காரணம். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடிப்பது இன்னொன்று. வீட்டுக்கு வீடு இன்று இதில் கண்டிப்பு கூடும், குறையும். வெளியூர் வேலைக்குப் போன பிள்ளைகள் இதைக் கடைப்பிடிக்கத் திண்டாடுவதும் உண்டு. இருந்தாலும் விதி இன்னதென்று எல்லோருக்கும் தெரியும்.

இதில் கவனிக்க வேண்டியது மூன்று. விரதம் சின்னதாக இருக்கிறது. நேரத்தோடு அல்லது பொருளோடு கட்டப்பட்டிருக்கிறது. பொழுது சாய்ந்ததா, சாப்பாடு முடிந்தது. குடம் எடுத்தாயா, துணி எடு. மூன்றாவது, ஒருமுறை முடிவெடுத்தால் போதும், தினமும் மனசோடு பஞ்சாயத்து இல்லை. 'இன்னைக்கு ஒருநாள் பத்து மணிக்கு பரோட்டா சாப்பிட்டா என்ன' என்ற வழக்கே விசாரணைக்கு வராது. முடிவெடுக்கும் பாரம் இறங்கிவிடுகிறது.

இதைத்தான் ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்ற திட்டமாக 1990-களில் முன்வைத்தார். ஓட்டிங்கனின் கணவர் இவர். 'இனிமேல் நடைப்பயிற்சி போவேன்' என்பதைவிட, 'பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டால் அப்படியே ஏரிக்கரைவரை நடப்பேன்' என்று முடிச்சுப் போடுகிறவர்கள் அதிகம் சாதிக்கிறார்கள் என்பது திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட முடிவு.

பெட்டிச் செய்தி: 21 நாளா, 66 நாளா?

• '21 நாள் செய்தால் பழக்கம்' என்பதன் ஊற்று, அமெரிக்க ஒட்டுறுப்பு அறுவை மருத்துவர் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் 1960-இல் எழுதிய புத்தகம். புதிய முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று கவனித்துச் சொன்னார். 'குறைந்தது' காலப்போக்கில் கழன்றுவிட்டது.

• லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லல்லி குழு 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்தது. செயல் தானாக வரும் நிலைக்கு ஆனது நடுத்தரமாக 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள்வரை ஆகும் என்று கணித்தார்கள்.

• தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சிக்கு நாள் அதிகம் எடுத்தது.

• நடுவில் ஒருநாள் தவறியதால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகவில்லை. தவறினால் மறுநாள் தொடரலாம், முதலிலிருந்து எண்ண வேண்டாம்.

பையில் இருக்கும் பாரம்

இன்றைய குடும்பத்தில் ஐந்து பேருக்கும் பொதுவாக ஒரு பாரம் உண்டென்றால் அது செல்போன். அதை விட்டால் வாழ்க்கை மலர்ந்துவிடும் என்று சொல்பவர்களும் அதே செல்போனில்தான் சொல்கிறார்கள். நிஜமாகவே என்ன நடக்கும்?

அமெரிக்காவில் 2018 தேர்தலுக்கு முன் ஹன்ட் ஆல்காட் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் ஏறத்தாழ 2,700 பேரைத் திரட்டி, குலுக்கலில் விழுந்த ஒரு பகுதியினரை நான்கு வாரம் ஃபேஸ்புக் கணக்கை மூடிவைக்கச் செய்தார்கள். அவர்களின் மனநிறைவு கூடியது. ஆனால் கொஞ்சம்தான். மிச்சமான நேரத்தில் குடும்பத்தோடும் நண்பர்களோடும் கூடுதலாக இருந்தார்கள், தனியாக டிவியும் கூடுதலாகப் பார்த்தார்கள். நாட்டு நடப்பு தெரிவது குறைந்தது. நான்கு வாரம் முடிந்த பிறகும் பலர் முன்பைவிடக் குறைவாகவே பயன்படுத்தினார்கள்.

இந்த முடிவில் அற்புதம் இல்லை, நேர்மை இருக்கிறது. செல்போனைக் கிணற்றில் போட வேண்டியதில்லை. கூலி வருவதும் ரேஷன் குறுஞ்செய்தி வருவதும் துபாயிலிருந்து மகன் முகம் தெரிவதும் அதில்தான். அணுவிரதக்காரர் வழி இங்கே பொருந்தும். சாப்பாட்டுத் தட்டு வந்தால் போன் கவிழும். படுக்கும் அறைக்குள் சார்ஜர் இல்லை. இரண்டு வரம்பு, அதுவும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே மாதிரி. அப்பாவுக்கு ஒரு சட்டம், பத்தாவது படிக்கும் பையனுக்கு ஒரு சட்டம் என்றால் ஒரு வாரம்கூடத் தாங்காது.

இறக்கியதால் கிடைத்த இடத்தில் என்ன வைப்பது? 1938-இல் தொடங்கி இன்றும் நடக்கும் ஹார்வர்டு ஆய்வு, 724 ஆண்களை இளமையிலிருந்து முதுமைவரை பின்தொடர்ந்து, பிறகு அவர்கள் மனைவி மக்களையும் சேர்த்துக்கொண்டது. பணமும் புகழும் இருந்தும் தனித்துப் போனவர்களைவிட, நெருக்கமான உறவுகளை வைத்திருந்தவர்கள் உடம்பாலும் மனசாலும் நன்றாக முதுமை அடைந்தார்கள் என்பது அதன் தலையாய முடிவு. இரவில் அன்று நடந்த நல்லது மூன்றை எழுதி, ஏன் நடந்தது என்றும் ஒரு வரி எழுதுவது இன்னொரு பயிற்சி. மார்ட்டின் செலிக்மன் குழு 2005-இல் சோதித்ததில், விடாமல் தொடர்ந்தவர்களுக்கு ஆறு மாதம்வரை பலன் தெரிந்தது. எழுதிப் பாருங்கள், மூன்றில் இரண்டிலாவது இன்னொரு மனிதர் இருப்பார்.

ராஜகிரி உச்சியில் குரங்கு பாட்டிலைத் தூக்கியபோது அந்த இளைஞர் தனியாக இருந்திருந்தால் எரிச்சல்தான் வந்திருக்கும்.

பெட்டிச் செய்தி: உங்கள் அணுவிரதம் எது?

சமணத்தின் ஐந்து அணுவிரதங்கள், இன்றைய வீட்டுக்கு:

• கொல்லாமை: வீட்டில் யாரையும் நாலு பேர் முன் திட்டுவதில்லை.

• பொய்யாமை: 'வந்துட்டே இருக்கேன்' என்று வீட்டிலிருந்தபடியே சொல்வதில்லை.

• கள்ளாமை: அடுத்தவர் நேரத்தையும் திருடுவதில்லை. சொன்ன நேரத்துக்குப் போவது.

• புலனடக்கம்: தட்டு வந்தால் போன் கவிழும்.

• மிகுபொருள் விரும்பாமை: தவணையில் ஒரு பொருள் ஓடும்போது இரண்டாவது தவணை இல்லை.

ஐந்தும் வேண்டாம், ஒன்று போதும். ராஜஸ்தானில் ஆச்சார்ய துளசி 1949-இல் அணுவிரத இயக்கத்தைத் தொடங்கியபோது எந்த மதத்தவரும் சேரலாம் என்று கதவைத் திறந்துவைத்தார்.

தனி ஆளால் தூக்க முடியாதது

எல்லாப் பாரமும் தன் கையால் இறக்கக் கூடியதல்ல. மனச்சோர்வு ஒரு நோய். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்துவிடலாம் போல இருக்கிறது என்றால் அங்கே விரதமும் பயன்படாது, தத்துவமும் பயன்படாது. 'கோயிலுக்குப் போய்ட்டு வா, சரியாயிடும்' என்று அனுப்புவது, காய்ச்சல்காரரை வயலுக்கு அனுப்புவதற்குச் சமம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போக வேண்டும். கூட ஒருவர் போக வேண்டும்.

மருத்துவர் எண்ணிக்கை போதாது என்ற பதில் வரும். கோவாவில் விக்ரம் படேல் குழு அதற்கு ஒரு வழி காட்டியது. மருத்துவம் படிக்காத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வு உள்ளவர்களை ஆறு முதல் எட்டு முறை சந்திக்க வைத்தார்கள். விட்டுப்போன சின்னச் சின்ன வேலைகளை, மனசுக்குப் பிடித்த காரியங்களை, ஒவ்வொன்றாக மறுபடி செய்ய வைப்பதுதான் சிகிச்சையின் மையம். மனசு சரியானதும் செய்யலாம் என்று காத்திராமல், செய்யச் செய்ய மனசு வழிக்கு வரும் என்ற கணக்கு. 2017-இல் 'லான்செட்'டில் வந்த முடிவு: மூன்று மாதத்தில் இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் ரத்த அழுத்தம் பார்க்க ஏற்கெனவே வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். அதே வாசலில் 'தூக்கம் வருதாம்மா?' என்ற கேள்வியும் சேர்ந்தால் எத்தனையோ வீடு பிழைக்கும்.

பெட்டிச் செய்தி: உடனே பேச

• டெலி-மானஸ்: 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் இலவச மனநல உதவி எண். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

• தமிழ்நாடு அரசு சுகாதார உதவி எண்: 104.

• யாராவது 'இருந்து என்ன பயன்' என்று பேசினால் சும்மா சொல்கிறார் என்று தள்ளிவிடாதீர்கள். தனியே விடாமல், அவர் முன்னாலேயே எண்ணைப் போட்டுக் கொடுங்கள்.

அரசுக்கும் ஒரு விரதம்

விழுப்புரம் கரும்புக் காட்டு ஆய்வுக்குத் திரும்பினால், தன்முன்னேற்றம் என்ற பேச்சு வீட்டு வாசலோடு நின்றுவிட முடியாது. அந்த 464 பேரின் கவனத்தைக் கூட்டியது எந்தப் பயிலரங்கும் இல்லை, நேரத்துக்குக் கைக்கு வந்த பணம். தனிமனிதன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளலாம். வட்டி விகிதத்தை அவன் மாற்ற முடியாது. வாரா வாரம் வாசலில் வந்து நிற்கும் வசூல்காரரை மூச்சுப் பயிற்சியால் திருப்பி அனுப்பவும் முடியாது. கடன் வசூலில் வலுக்கட்டாயத்தைத் தடுக்க 2025-இல் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவந்தது என்றால், நிலைமை எந்த அளவுக்குப் போயிருந்தது என்று புரியும். அந்தச் சட்டம் காவல் நிலையத்தில் எழுத்தாகக் கிடக்கிறதா, தெருவில் வேலை செய்கிறதா என்பதைப் பொறுத்து எத்தனையோ குடும்பங்களின் தூக்கம் இருக்கிறது.

தன்முன்னேற்றப் பேச்சாளர்கள் இதைத் தொடுவதில்லை. தோற்றால் நீ சரியாக நினைக்கவில்லை என்று அர்த்தம் என்கிறார்கள். ஏற்கெனவே குனிந்திருப்பவன் தலையில் குற்றவுணர்வையும் ஒரு மூட்டையாக ஏற்றுகிறார்கள். வீட்டில் இறக்க வேண்டியதை வீட்டில் இறக்குவோம். வெளியே இறக்க வேண்டியதை வெளியே கேட்போம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பதே பாதி நிம்மதி.

ஆகவே இந்த வாரம் வாசகர்களுக்கு ஒரு விரதம், உங்களுக்குப் பிடித்த எதுவானாலும் சரி, சின்னதாக இருக்கட்டும். அரசுக்கும் ஒன்று. அதைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கரும்பு ஆலைக்குப் போய்ச் சேர்ந்த 14 நாளுக்குள் விவசாயிக்குப் பணம் தர வேண்டும், தவறினால் 15 சதவீத வட்டியோடு தர வேண்டும் என்று 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. அந்தப் பதினாலாம் நாளைத் தவறவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். இந்த மாவட்டத்துக்கு அதைவிடப் பெரிய மனநலத் திட்டம் தேவையில்லை.